சாங்ஆன் வாயிலில் வண்டித் தடங்கள்

கயல்: பெரியப்பா, பண்டைச் சீனத் தலைநகரங்களைப் பற்றிக் கல்லூரியில் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். ஷிஆன் நகரின் செங்கல் மதில் படத்தை ஹான் பேரரசின் சாங்ஆன் என்று போடலாமா?

பெரியப்பா: வேண்டாம் அம்மா. அந்த மதில் மிங் காலத்தது, 14ஆம் நூற்றாண்டில் எழுந்தது. ஹான் தலைநகரம் இன்றைய நகரத்துக்கு வடமேற்கே இருக்கிறது. ஏறத்தாழ 25 கிலோமீட்டர் சுற்றளவுள்ள அதன் மதில் முழுவதும் அடுக்கடுக்காகக் கொட்டி, இடித்துக் கெட்டிப்படுத்திய மண்.

அத்தை: இரண்டாயிரம் ஆண்டு மழையில் மண் கரைந்திருக்குமே அண்ணா, பிறகு எதை வைத்து ஆராய்கிறார்கள்?

பெரியப்பா: மேற்பகுதி பல இடங்களில் போய்விட்டாலும் அடிப்பகுதி நிற்கிறது. தரைக்குள் மறைந்த இடங்களில், நீண்ட கழியில் மாட்டிய அரைக்குழல் வடிவ இரும்பைக் குத்தி இறக்கி, ஆழத்து மண்ணைக் குலையாமல் மேலே எடுக்கிறார்கள். லுவோயாங் மண்வாரி என்று பெயர். கல்லறைத் திருடர்களிடமிருந்து ஆய்வாளர்கள் கைக்கு வந்த கருவி அது. இடித்த மண் கெட்டியாக, மெல்லிய அடுக்குகளாக வருவதால் சுவர் எங்கே, தெரு எங்கே என்று தோண்டாமலேயே தெரிந்துவிடும்.

கட்டுரையில் வாயில்களைப் பற்றி நீ விரிவாக எழுத வேண்டும், கயல். மொத்தம் 12 வாயில்கள். அவற்றில் நான்கை 1957இல் தொல்லியலாளர் வாங் சோங்ஷூ தலைமையில் அகழ்ந்தார்கள். ஒவ்வொன்றிலும் மூன்று வழிகள், ஒவ்வொரு வழியும் சுமார் 8 மீட்டர் அகலம். இருபுறத் தூண்களுக்குரிய இடம் போக 6 மீட்டர் மிஞ்சும். பாச்செங் வாயிலில் கிடைத்த சக்கரத் தடங்களின் அகலமோ 1.5 மீட்டர். ஆக ஒரு வழியில் நான்கு வண்டிகள், மூன்று வழிகளிலும் பன்னிரண்டு. ஹான் காலக் கவிஞர் சாங் ஹெங் மேலைத் தலைநகரை, அதாவது இந்தச் சாங்ஆனைப் பாடும்போது பன்னிரண்டு வண்டிகள் இணையாகச் செல்லும் வழி என்றே சொல்லியிருக்கிறார். கவிஞரின் மிகை என்று ஒதுக்கிவிடக்கூடிய வரியை மண்ணில் பதிந்த தடம் மெய்ப்பித்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

கயல்: தாங் காலத் தலைநகரமும் இதே இடம்தானா?

பெரியப்பா: இல்லை. 582இல் சுய் பேரரசர் வென் தென்கிழக்கே புதிய நகரம் அமைத்தார். அதைத்தான் தாங் மன்னர்கள் சாங்ஆன் ஆக்கினார்கள். 84 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்த நகரத்தின் பெரும்பகுதி இன்றைய ஷிஆனுக்கு அடியில் கிடப்பதால், அங்கே கட்டடங்களுக்கு நடுவே கிடைத்த இடத்தில்தான் தோண்ட முடிகிறது.

அத்தை: ஹான் அரண்மனைக்குள் என்ன கிடைத்தது?

பெரியப்பா: வெய்யாங் அரண்மனையில் 1980களில் எழுத்துப் பொறித்த எலும்புச் சீட்டுகள் 57,000க்கு மேல் கிடைத்தன. விரல் நீளமே உள்ள அந்தத் துண்டுகளில் வில் முதலிய ஆயுதங்களின் கணக்கோடு, அவற்றைச் செய்த தொழிலாளர்களின் பெயர்களும் இருக்கின்றன. கயல், அரசர்களை எழுதும் இடத்தில் இவர்களையும் விட்டுவிடாமல் எழுது.