குயிராசியரைத் தமிழில் எப்படிச் சொல்வது?

குயிராசியர் (cuirassier) என்றால் உடம்பில் இரும்புத் தகட்டுக் கவசம் அணிந்து போரிட்ட ஐரோப்பியக் குதிரைவீரர். அவர்களுக்குச் சிலர் சொல்லும் 'மார்க்கவசர்' எனக்கும் பிடித்துத்தான் இருந்தது, 1809 ஏப்ரல் 22 அன்று நெப்போலியனின் பிரெஞ்சுப் படைக்கும் ஆஸ்திரியப் படைக்கும் நடந்த எக்மியூல் போரைப் பற்றி எழுத உட்காரும் வரைக்கும்.

அன்று பொழுது சாய்ந்தபின், பவேரியாவில் ஆல்ட்எக்லோஃப்ஸ்ஹைம் ஊருக்குப் பக்கத்தில், ரேகன்ஸ்பர்க் நோக்கிப் பின்வாங்கிக்கொண்டிருந்த ஆஸ்திரியப் படைக்குக் காவலாக நின்ற குதிரைப்படையும் துரத்தி வந்த பிரெஞ்சுக் குதிரைப்படையும் மோதிக்கொண்டன. இரண்டு பக்கமும் குயிராசியர் உண்டு. ஆனால் பிரெஞ்சுக்காரனுக்கு மார்பிலும் முதுகிலும் இரும்புத் தகடு, ஆஸ்திரியனுக்கு மார்பில் மட்டும். நேருக்கு நேர் வரும்வரை இது பெரிய விஷயமில்லை. இரண்டு அணியும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கலந்துவிட்டால், அதுவும் அந்த அரையிருட்டில், குத்து எந்தப் பக்கமிருந்து வரும் என்று யாருக்குத் தெரியும்? அப்புறம் ஆஸ்திரியர் குதிரையைத் திருப்பி ஓடியபோது, பின்னால் வந்தவனின் நீண்ட நேர்வாளுக்கு எதிரே இருந்தது வாரும் துணியும் மூடிய வெறும் முதுகு.

ஆக, 'மார்க்கவசர்' ஆஸ்திரியனுக்குச் சரி, பிரெஞ்சுக்காரனுக்குப் பாதிதான்.

'கவசப்புரவியர்' வேண்டவே வேண்டாம், குதிரைக்குக் கவசம் போட்டதுபோல ஆகிவிடும். பதிற்றுப்பத்தில் வரும் 'மெய்ம்மறை' அழகான சொல், ஆனால் 'மெய்ம்மறையர்' என்று எழுதினால் ஏதோ சமயப் பிரிவு என்று நினைப்பார்கள். 'கனரகக் குதிரைப்படை' என்பதிலேயே அடக்கிவிடலாம் என்பதும் ஒத்துவராது (எனக்கு அந்தச் சொல்லைப் பார்த்தாலே நெடுஞ்சாலை லாரிதான் ஞாபகம் வருகிறது). பிரெஞ்சுத் தளபதி நான்சூட்டியின் டிவிஷனில் காராபினியர் என்ற வேறொரு வகைக் குதிரைவீரரின் ரெஜிமென்ட்கள் இரண்டு இருந்தன. அவையும் கனரகம்தான், ஆனால் அந்தப் போரில் அவர்களுக்குத் தகடு கிடையாது. பிறகுதான் கொடுத்தார்கள்.

நான் சொல்வது 'தகடணியர்'. தகடு அணிந்தவர், அவ்வளவுதான். எங்கே அணிந்தார் என்பதைச் சொல் முன்கூட்டியே முடிவு செய்வதில்லை. முன்தகடு, பின்தகடு என்று பாகங்களுக்கும் பெயர் தானாக வந்துவிடுகிறது. தகடு என்றால் மந்திரித்த தகடு மாதிரி இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும், பிரெஞ்சுக்காரன் போட்டிருந்த ஜோடி 7, 8 கிலோ வரும், தாயத்தில் அடங்காது. இலகுரகக் குதிரைவீரரான ஹுசாரை ஹுசார் என்றே விடுவதுபோல இதையும் விடலாம் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, ஆனால் அப்படி விட்டால் இந்தப் போரில் எது முக்கியமோ அது சொல்லில் தெரியாது.

வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: "முன்தகடு மட்டுமே இருந்த ஆஸ்திரியத் தகடணியர் திரும்பி ஓடும்போதுதான் அதிகம் வெட்டுப்பட்டனர்." எனக்கு இடறவில்லை. உங்களுக்கு?