புதுப்பிப்பு: கடைசி எழுத்தை எப்போது இரட்டிப்பது?

போன வாரம் இதே இழையில், ஆங்கிலச் சொல் ஒற்றை உயிரும் ஒற்றை மெய்யுமாக முடிந்தால், 'இங்', 'எட்' சேரும்போது அந்த மெய்யை இரட்டியுங்கள் என்று எழுதியிருந்தேன். 'ஹாப்' என்பதில் 'பி' இரண்டாகும். 'ஹோப்' கடைசியில் இருக்கும் ஓசையில்லா 'ஈ'யை விட்டுவிடும், 'பி' ஒன்றுதான். நம் 'கல்' 'கல்லில்' ஆவதும் 'கால்' 'காலில்' என்று நிற்பதும் போலத்தான்.

அந்த விதி ஓரசைச் சொற்களுக்குத்தான் சரி. "அப்படியானால் 'ஓபனிங்'கில் ஏன் ஒரே 'என்'?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அழுத்தத்தை, அதாவது சொல்லில் எந்த அசையை ஓங்கிச் சொல்கிறோம் என்பதை, நான் சொல்லாமல் விட்டது தவறு. 'பிகின்' சொல்லும்போது அழுத்தம் கடைசி அசையில் விழுகிறது, அதனால் 'பிகினிங்'கில் இரண்டு 'என்'. 'ஓபன்' முதல் அசையிலேயே அழுந்துகிறது, ஒன்று போதும்.

எனக்கு மிகவும் பிடித்த சான்று 'ரெஃபர்'. 'எட்' சேர்ந்தால் 'ஆர்' இரண்டு. 'ரெஃபரன்ஸ்' ஆகும்போது அழுத்தம் முன்னே நகர்ந்துவிடுகிறது, 'ஆர்' ஒன்றாகிவிடுகிறது! வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், காதே காட்டிக்கொடுக்கும்.

'டிராவலர்' போன்றவை இதற்கு அடங்காது. அழுத்தம் முதல் அசையில் இருந்தும் பிரிட்டிஷ் எழுத்துமுறையில் 'எல்' இரண்டு. அமெரிக்க அகராதி ஆசிரியர் நோவா வெப்ஸ்டர் தன் 1828 அகராதியில் ஒன்றாக்கினார், அமெரிக்கர்கள் அப்படியே எழுதுகிறார்கள். இரண்டும் சரிதான், ஒரே கட்டுரையில் கலக்காதீர்கள்.

'ஃபிக்ஸ்' போல 'எக்ஸ்'ஸில் முடிபவை ஒருபோதும் இரட்டிப்பதில்லை. பழைய பதிவையும் திருத்திவிட்டேன்.