அப்பாவின் குரல் உள்ள கசற்றை மீட்க உதவி தேவை

திருகோணமலை உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். 34 ஆண்டுகள் கணித ஆசிரியராக இருந்த அப்பா இம்மாதம் 3ஆம் திகதி காலமானார். அவருடைய குரல் ஒரே ஒரு கசற்றில்தான் இருக்கிறது: சோனி எச்எஃப் 60, 1994இல் வீட்டில் பதிந்தது. கோணேசர்மீது சம்பந்தர் பாடிய பதிகத்தை எங்கள் மூவருக்கும் அடி அடியாகச் சொல்லித்தருகிறார். நடுவே தங்கை பிழைவிட, வகுப்பில் போலவே மேசையில் தட்டி, "திரும்பச் சொல்லு" என்கிறார். 2004 சுனாமியில் ஆல்பங்கள் எல்லாம் போயின. அலுமாரியின் மேல்தட்டில் இருந்ததால் இது தப்பியது.

இப்போது இரண்டு நிமிடம் ஓடியதும் கீச்சென்று கத்தி நின்றுவிடுகிறது. நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம். பென்சிலைச் செருகி முழுவதும் சுற்றிப் பார்த்தேன். இரண்டு ரெக்கோடர்களில், ஹெட்டைத் துடைத்துவிட்டுப் போட்டேன். பலனில்லை. இனியும் ஓடவிட்டால் நாடா அறுந்துவிடுமோ என்று பயம். ஒரு கடையில், "இதே பதிகம் யூடியூபில் இருக்கிறதே" என்றார்கள். இருக்கிறதுதான், ஆனால் அதில் மேசையில் தட்டுகிறவர் இல்லை.

31ஆம் நாள் அன்று அவருடைய மாணவர்கள் வருவார்கள், அதற்குள் வேண்டும். பூஞ்சணம் பிடித்த கசற்றைச் சுத்தம் செய்து கணினிக்கு மாற்றித்தருபவர் திருகோணமலையிலோ மட்டக்களப்பிலோ யாரேனும் இருக்கிறார்களா?