பழைய பாதாளச் சாக்கடைக் குழாய்கள்: அடியோடு மாற்றுவதா, ஆய்ந்து காப்பதா?

ராஜவீதிக் குடியிருப்பாளர்:
கோவையின் பழைய நகர்ப் பகுதியில் நல்ல மழை பிடித்தால் மேன்ஹோல் மூடி எழும்பிக் கழிவுநீர் தெருவில் ஓடுவது வாடிக்கையாகிவிட்டது. 24 மணி நேரக் குடிநீர்த் திட்டத்துக்காகச் சாலைகளை எப்படியும் தோண்டுகிறார்கள். அதே கையோடு பழைய சாக்கடைக் குழாய்கள் அனைத்தையும் எடுத்துவிட்டுப் புதியவற்றைப் பதித்துவிட்டால், நம் பிள்ளைகள் காலம் வரை கவலை இல்லை என்பது என் கருத்து. ஒட்டுப்போடச் செலவிடும் பணம் வீண். மறுப்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற பொறியாளர்:
ஐயா, மழையிலிருந்தே தொடங்குகிறேன். பாதாளச் சாக்கடை வீட்டுக் கழிவுநீருக்காக அளவிடப்பட்டது. மொட்டைமாடித் தண்ணீரை அதில் இணைத்துவிட்டால், நேற்றுப் பதித்த குழாயும் ஐப்பசி மழையில் பொங்கத்தான் செய்யும்.

அடுத்து, ஆழம். குடிநீர்க் குழாய் ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழத்தில் கிடக்கும். சாக்கடைக் குழாயோ சரிவுக்காகப் போகப்போக இறங்கி, மூன்று நான்கு மீட்டரைத் தொட்டுவிடும். புதிய குடிநீர்க் குழாயின் பக்கத்தில் அவ்வளவு ஆழமாகப் பள்ளம் பறித்தால் அதன் அடிமண் சரியும். தார் போடும் முன் சாக்கடையை ஆய்ந்துவிட வேண்டும் என்று நீங்கள் கேட்டால், அது நியாயம்.

பழையது எல்லாம் கெட்டது என்பதும் சரியல்ல. கழிவுநீர் நொடிக்கு 0.6 மீட்டர் வேகமாவது ஓடினால்தான் மணலும் கசடும் அடியில் தங்காது. தங்கி அழுகினால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். குழாயின் மேல்வளைவு ஈரத்தில் வாழும் நுண்ணுயிர்கள் அந்த வாயுவைக் கந்தக அமிலமாக மாற்ற, அமிலம் கான்கிரீட் குழாயின் சிமெண்டை அரித்து ஜிப்சமாக்கிவிடும். கழிவுநீரை இறைத்து அனுப்பும் உந்து நிலையத்து அழுத்தக் குழாய் வந்து கொட்டும் மேன்ஹோலில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உட்சுவரில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால், ஈரச் சுண்ணாம்பில் இறங்குவதுபோல் இறங்கும். உள்ளே கம்பி துருவேறித் தெரியும். அதே வயதுடைய ஸ்டோன்வேர் குழாயை, அது சுட்ட களிமண் என்பதால், அமிலம் ஒன்றும் செய்யாது. அதற்கு நோய் இணைப்புகளில்தான்: வேர் நுழையும், நிலத்தடி நீர் கசியும், மண் உள்ளே வந்து மேலே சாலை குழியாகும்.

ஆகவே வயதைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. குழாயைக் கழுவிக் கேமராவை உள்ளே செலுத்தி, 1 (நல்ல நிலை) முதல் 5 (மிக மோசம்) வரை தரம் இட்டு, இடிந்தால் யாருக்கு எவ்வளவு பாதிப்பு என்பதையும் சேர்த்து வரிசைப்படுத்த வேண்டும். சரிவு கெடாத குழாய்க்குப் பிசின் ஊறிய உறையை உள்ளே நுழைத்து இறுக வைக்கும் முறை 1971-இல் லண்டனில் தொடங்கியது. அதற்குச் சாலையைத் தோண்ட வேண்டியதில்லை. அமுங்கிப்போன இடத்தில் மட்டும் அது பயன்படாது. அங்கே பள்ளம் பறிக்கத்தான் வேண்டும்.

ரங்கே கவுடர் வீதி வணிகர்:
தோண்டாமல் முடியும் என்றால் எங்கள் வீதியில் முதலில் வரவேற்பவன் நான்தான். சரக்கு இறக்க லாரி நிற்காத நாளெல்லாம் எங்களுக்கு நட்டம். ஆனால் பேச்சு எங்கே போய் முடியும் என்பதும் தெரியும். 2022-இல் சொத்து வரி உயர்ந்தது. இனி 'பராமரிப்பு நிதி' என்று ஒன்று வரும். சென்னை ஆலந்தூரில் வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை கொடுத்துப் பாதாளச் சாக்கடை போட்டார்கள் என்று எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். அது இல்லாத ஒன்றைப் பெறக் கொடுத்த பணம். இருக்கும் குழாயைப் பாதுகாக்க எத்தனை பேர் மனமுவந்து கொடுப்பார்கள்?

ராஜவீதிக் குடியிருப்பாளர்:
நான் முழு மாற்றம் கேட்பதற்கும் அதுதான் காரணம். புதிய திட்டம் என்றால் அம்ருத் போன்ற மத்திய அரசுத் திட்டங்களில் மானியம் கிடைக்கிறது, கல்வெட்டும் திறக்கலாம். பழுதுபார்ப்புக்கு எவர் தருவார்? தமிழக உள்ளாட்சிகளில் குடிநீர் மற்றும் வடிகால் நிதி என்று தனிக் கணக்கு இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே கணக்கில் இருக்கும்வரை குடிநீர் விநியோகத்தின் செலவு முன்னால் நிற்கும், சாக்கடை பின்னால்தான் நிற்கும். 2011-இல் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் நகராட்சிகள் சேர்ந்து வார்டுகள் 72-லிருந்து 100 ஆனபின், விரிவாக்கப் பகுதிக்குப் புதுக் குழாய் என்ற நியாயமான கோரிக்கையும் அதே பணத்தைத்தான் கேட்கிறது.

தூய்மைப் பணியாளர் சங்கத்தவர்:
பொறியாளர் ஐயாவின் வரிசைமுறையில் எனக்கு அச்சம் உண்டு. 'யாருக்குப் பாதிப்பு' என்று கணக்குப் போட்டால் பெரிய சாலையும் மருத்துவமனையும் முன்னால் வரும். அழுத்தமாக நீர் பாய்ச்சி அடைப்பை நீக்கும் ஜெட்ராடிங் வண்டி நுழையாத சந்து கடைசிக்குப் போகும். அந்தச் சந்தில் அடைப்பு விழுந்தால் மூங்கில் பிளாச்சோடு ஆளைத்தான் தேடி வருவார்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரைச் சாக்கடையில் இறக்குவதைத் தடை செய்துவிட்டது. உச்ச நீதிமன்றம் சாக்கடையில் இறங்கி இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 2014-இல் 10 லட்சம் என்றும், 2023-இல் 30 லட்சம் என்றும் ஆக்கியது. தொகை கூடியதே தவிர, சந்தின் அகலம் கூடவில்லை.

ஓய்வுபெற்ற பொறியாளர்:
இந்த மறுப்பை ஏற்கிறேன். இயந்திரம் நுழையாத தெருக்களுக்கு வரிசையில் தனி மதிப்பெண் தர வேண்டும். அடிக்கடி அடைக்கும் சந்துகளில் உறைபோடுவதைவிடச் சரிவைத் திருத்திப் புதிதாகப் பதிப்பதே சரி. அங்கே ராஜவீதி நண்பரின் கருத்துக்கு இடமுண்டு. ஆனால் நகரம் முழுவதற்கும் அதைச் செய்வதை ஒப்பமாட்டேன். குடிநீர் கூடினால் அதில் ஏறத்தாழ 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும் என்பதுதான் வடிவமைப்புக் கணக்கு. அந்தக் கூடுதல் ஓட்டத்தை எந்தக் குழாய் தாங்கும், எது தாங்காது என்று அளக்காமல் மாற்றினால், நல்லதை எடுத்துவிட்டு நெருக்கடியான இடத்தை விட்டுவைத்த கதையாகும்.

ரங்கே கவுடர் வீதி வணிகர்:
அப்படியானால் முதலில் கேமரா ஆய்வை நடத்தி, வார்டுவாரியாகத் தரம் போட்ட வரைபடத்தை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடட்டும். சாக்கடைக் கட்டணம் வேறு எதற்கும் போகாத தனிக் கணக்கில் சேரட்டும். கொழுப்பைப் பிடிக்கும் தொட்டி இல்லாமல் எண்ணெயைக் குழாயில் விடும் ஓட்டல்களுக்கும் எங்களைப் போன்ற கிடங்குகளுக்கும் ஒரே கட்டணம் என்றால் மட்டும் ஒப்பமாட்டேன்.

ராஜவீதிக் குடியிருப்பாளர்:
வரைபடம் வரட்டும். எங்கள் வீதிக் குழாய் 4-ஐ எட்டாத நல்ல தரத்தில் வந்தால் அன்று பேசுகிறேன். அதுவரை முழு மாற்றம் என்ற கோரிக்கையை விடுவதாக இல்லை.