அடிபட்ட அன்று வலி இல்லை, அப்புறம்தான் வந்தது: நஷ்ட ஈட்டுக் கேஸில் பட்டதைப் பகிருங்கள்

தண்டையார்பேட்டை அக்கா

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் டிரெய்லர், மணலி பக்கம் டேங்கர், ஜி.என்.டி. ரோட்டில் ஆந்திரா லாரி. இவற்றுக்கு நடுவில்தான் நம் வீட்டுப் பிள்ளைகள் வேலைக்குப் போய் வருகிறார்கள். ரத்தம் வந்தால் எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். ரத்தமே வராமல், மறுநாளோ மறுவாரமோ வலி எடுத்தால் கேஸ் என்ன ஆகிறது? பார்த்தவர்கள் எழுதுங்கள். முதலில் என் தம்பி விஷயத்தைச் சொல்கிறேன்.

அவன் கால் டாக்சி ஓட்டுகிறவன். திருவொற்றியூர் பக்கம் சிக்னலில் நின்றிருந்த வண்டியைப் பின்னாலிருந்து டிரெய்லர் இடித்தது. டிக்கி அமுங்கிப் போனது. இவன் இறங்கி நடந்தான், போட்டோ எடுத்தான், வந்த போலீஸ்காரரிடம் "எனக்கு ஒண்ணும் இல்ல சார், வண்டிக்குத்தான் அடி" என்று சொன்னான். மறுநாள் காலையில் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. யாராவது கூப்பிட்டால் கழுத்தைத் திருப்ப முடியாமல் மொத்த உடம்பையும் திருப்பிப் பார்த்தான். ரிவர்ஸ் எடுக்க முடியாதவன் டாக்சி எப்படி ஓட்டுவான்? அப்புறம் வலது கை விரல்கள் மரத்துப் போக ஆரம்பித்தன. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் கழுத்து டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதாக வந்தது.

விசாரணையில் இன்சூரன்ஸ் வக்கீல் அதிகம் கேட்கவில்லை. "சம்பவ இடத்தில் ஒன்றும் இல்லை என்று சொன்னீர்களா?" "ஆமாம்." "அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா?" "இல்லை." அடுத்து ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'தேய்மானம்' என்று இருந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார். இது வயசுக்கோளாறு, விபத்தால் வந்ததே இல்லை என்றார்.

கேஸைக் காப்பாற்றியது எங்கள் தெரு கிளினிக் டாக்டர் மறுநாள் எழுதிய சீட்டு. மாத்திரைப் பெயர்களுக்கு மேலே, "நேற்று காரில் போகும்போது பின்னாலிருந்து லாரி மோதல், இன்று காலை முதல் கழுத்து வலி" என்று எழுதித் தேதி போட்டிருந்தார். பிற்பாடு வைத்தியம் பார்த்த எலும்பு டாக்டரும் சாட்சி சொன்னார். தேய்மானம் முன்பே இருந்தாலும் வலி இல்லாமல் இருக்கும், ஓர் அதிர்ச்சியில் அது வலியாக மாறும் என்று விளக்கினார். மருத்துவச் செலவும் வேலை இழந்த மாதங்களின் வருமானமும் கிடைத்தன. ஊனத்துக்குக் கேட்டதில் பாதிக்கு மேல் வெட்டிவிட்டார்கள். அந்தச் சீட்டு மட்டும் இல்லையென்றால் அதுவும் வந்திருக்காது.

புது வண்ணாரப்பேட்டை, ஓய்வு பெற்ற ஸ்டாஃப் நர்ஸ்

தம்பி பொய் சொல்லவில்லை அக்கா. அடிபட்ட நேரத்தில் உடம்பு அட்ரினலினில் ஓடும், வலி தெரியாது. கழுத்துத் தசையும் தசைநாரும் இழுபட்டு வீங்குவதற்கு நேரம் எடுக்கும். ஒன்றிரண்டு நாளில் வலி தெரிவது மிகச் சாதாரணம். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், தசையும் டிஸ்க்கும் தெரியாது. "எக்ஸ்ரே நார்மல்" என்றால் அடியே இல்லை என்று நினைக்காதீர்கள்.

நான் கேஷுவாலிட்டியில் பல வருஷம் வேலை பார்த்தவள். அங்கே போடுகிற ஏ.ஆர்., அதாவது விபத்துப் பதிவேடு, கேஸுக்கு அஸ்திவாரம். யார், எந்த இடம், எத்தனை மணி, எந்த வண்டி, எங்கெங்கே காயம், எல்லாம் அதில் வரும். வருகிறவர்கள் பெரிய காயத்தை மட்டும் காட்டுவார்கள். முழங்காலில் சிராய்ப்பு இருந்தால் அதையே சொல்லிக்கொண்டிருப்பார்கள், இடுப்பு பிடித்திருப்பதைச் சொல்ல மாட்டார்கள். டூட்டி டாக்டருக்கு வரிசை நிற்கும், சொன்னதைத்தான் எழுதுவார். ஆறு மாதம் கழித்து இடுப்புக்கு ஆபரேஷன் என்று வந்தால், "ஏ.ஆரில் இடுப்பே இல்லையே" என்ற கேள்வி வரும். அதனால் தலை முதல் கால் வரை எங்கே லேசாக நொந்தாலும் சொல்லுங்கள். அதை எழுதச் சொல்லிக் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

அன்று போகாமல் விட்டவர்கள், வலி வந்த அன்றே போங்கள். எத்தனை நாள் கழித்துப் போனாலும், விபத்தால் வந்த காயம் என்று சொன்னால் ஏ.ஆர். போட்டுப் போலீசுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். "கழுத்து வலி" என்று மட்டும் சொல்லி ஓ.பி. சீட்டு வாங்கினால் அது வெறும் கழுத்து வலிதான், விபத்து அதில் இருக்காது.

பணம் இல்லையே என்று தள்ளிப் போடாதீர்கள். இன்னுயிர் காப்போம் திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. விபத்து நடந்த முதல் 48 மணி நேர சிகிச்சை அதில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் இலவசம். நம் பகுதிக்கு ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி இருக்கவே இருக்கிறது.

காசிமேடு

நர்ஸம்மா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எங்கள் மாமா பையன் ஷேர் ஆட்டோவில் போகும்போது கார் இடித்துக் கையை ஊன்றி விழுந்தான். அன்று எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை என்றார்கள். கட்டைவிரல் அடிப்பக்கம் தொட்டாலே துடித்தான். நம்ம ஊர் வழக்கப்படி வீட்டில் புத்தூர் கட்டுக்கு அழைத்துப் போனார்கள். இலை கட்டி, மூங்கில் தப்பை வைத்து, எண்ணெய் ஊற்றி வாரா வாரம் கட்டினார்கள். மாதங்கள் கழிந்தும் ஐஸ் பெட்டியைப் பிடித்துத் தூக்க முடியவில்லை. மறுபடி எடுத்த எக்ஸ்ரேயில், மணிக்கட்டில் இருக்கும் படகு மாதிரியான சின்ன எலும்பு முறிந்து சேராமலே கிடந்தது. அந்த எலும்பு அப்படித்தானாம், முதல் எக்ஸ்ரேயில் தப்பிவிடும், பத்துப் பதினைந்து நாள் கழித்து எடுத்தால்தான் கோடு தெரியும் என்று டாக்டர் சொன்னார்.

இடையில் இருந்த மாதங்களுக்கு அவனிடம் ஒரு காகிதம் கிடையாது. கட்டுப் போட்ட இடத்தில் ரசீதும் இல்லை. "இந்த இடைவெளியில் வேறெங்கோ விழுந்து முறித்துக்கொண்டார்" என்று எதிர்த்தரப்பு வாதம் பண்ணியது. கட்டுப் போடுவது வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை, அதில் குணமானவர்கள் எங்கள் குப்பத்திலேயே இருக்கிறார்கள். ஆனால் ஆஸ்பத்திரி சீட்டு அறுந்து போகக் கூடாது.

கொருக்குப்பேட்டை ஆட்டோக்காரர்

ஸ்பாட்டிலேயே பேசி முடிப்பதைப் பற்றி யாரும் எழுதவில்லை. கார்க்காரர் இரண்டாயிரம், மூவாயிரம் கொடுத்து, "எனக்குக் காயம் எதுவும் இல்லை, மேல் நடவடிக்கை வேண்டாம்" என்று எழுதி வாங்குவார். நாமும் சவாரி போகணுமே என்று கையெழுத்துப் போட்டுவிடுவோம். என் ஸ்டாண்டில் ஒருத்தருக்கு இப்படித்தான் விலா எலும்பு முறிந்தது அப்புறம்தான் தெரிந்தது. வண்டிக்கு ஆன செலவை வாங்குங்கள், உடம்பைப் பற்றி மட்டும் எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

வியாசர்பாடி, வக்கீல் குமாஸ்தா

ஐகோர்ட் வளாகத்தில் சிறு வழக்குகள் நீதிமன்றத்துக்குத்தான் நம் விபத்து மனுக்கள் போகின்றன. தினமும் அங்கே கேஸ் கட்டுத் தூக்குகிறவன் என்பதால் சொல்கிறேன்.

முதலில் காலக்கெடு. மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆம் பிரிவில் 2019 திருத்தம் செய்தார்கள், அது 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். கவனியுங்கள், வலி தெரிந்த நாளிலிருந்து இல்லை. தாமதமாக வலி வருகிறவர்களை இதுதான் அதிகம் அடிக்கிறது. ஸ்கேன், ஃபிசியோதெரபி என்று அலைவதற்குள் பாதி நாள் போய்விடும். இந்தக் கெடுவை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் இருக்கின்றன. கெடு தாண்டியது என்பதற்காக மனுக்களைத் தள்ள வேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. அதை நம்பிக் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். வைத்தியம் முடியாவிட்டாலும் மனுவைப் போடுங்கள், ரிப்போர்ட்டுகளைப் பிறகு சேர்க்கலாம்.

எஃப்.ஐ.ஆர். தாமதம் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: அது ஒன்றை மட்டுமே காரணம் காட்டி நஷ்ட ஈட்டு மனுவை நிராகரிக்கக் கூடாது என்று ரவி எதிர் பத்ரிநாராயண் வழக்கில் 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தாமதத்துக்கு நம்பும்படியான காரணம் இருந்தால் போதும். காயம் பெரிது என்று பிறகு தெரிந்தால், அந்த மருத்துவச் சான்றைப் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவில் கொடுத்து எஃப்.ஐ.ஆர். பிரிவை மாற்றச் சொல்லுங்கள். 'சாதாரணக் காயம்' என்று இருக்கிற வழக்கு கடைசிவரை அப்படியே இருந்தால் தொகையும் குறைய வாய்ப்பு உண்டு.

அடுத்து ஊனச் சதவீதம். ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில், 2010-ல், உடம்பில் இத்தனை சதவீதம் ஊனம் என்பதும் சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போனது என்பதும் ஒன்றல்ல என்று தீர்ப்பு வந்தது. இடது கையை இழந்த டிரைவருக்கும் அதே கையை இழந்த எழுத்தருக்கும் இழப்பு வேறு. தண்டையார்பேட்டை அக்கா, தம்பி டிரைவர், கழுத்து திரும்பவில்லை. அதை அந்தக் கோணத்தில் அழுத்திச் சொல்லியிருந்தார்களா? தீர்ப்பு வந்து 90 நாள் ஆகவில்லை என்றால் ஐகோர்ட்டில் அப்பீல் போகலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஒரு தடவை இறுதித் தீர்ப்பு வந்துவிட்டால், வலி கூடிவிட்டது என்று அதே விபத்துக்கு மறுபடி கேட்க இந்தச் சட்டத்தில் வழி இல்லை. நாகப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லி, எதிர்காலச் சிகிச்சைச் செலவையும் முதலிலேயே மதிப்பிட்டுக் கொடுக்கச் சொன்னது. லோக் அதாலத்தில், அதாவது சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்தில், முடித்தால் அப்பீலும் கிடையாது. பணம் சீக்கிரம் வரும் என்பது உண்மை, வாடகை பாக்கி நிற்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்று டாக்டர் சொல்வதற்கு முன்னால் அங்கே கையெழுத்துப் போடுவது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

தண்டையார்பேட்டை அக்கா

தீர்ப்பு வந்து ரொம்ப நாள் ஆகவில்லை. கழுத்து திரும்பாததைச் சொன்னார்கள், டிரைவர் லைசென்ஸையும் காட்டினார்கள், ஆனால் இந்த வழக்கை யாரும் எடுத்துக் காட்டியதாகத் தெரியவில்லை. நாளைக்கே வக்கீலிடம் கேட்கிறேன். நன்றி தம்பி.

மாதவரம்

படித்துவிட்டு ஒரு சந்தேகம். போன மாதம் மூலக்கடை அருகே எங்கள் கார் டிவைடரில் மோதவைக்கப்பட்டது. பின்சீட்டில் இருந்த அம்மாவுக்குக் கதவில் தலை இடித்தது. அன்று சி.டி. ஸ்கேன் நார்மல், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல், ஹார்ட்டுக்கு ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறார். இப்போது நாலைந்து நாளாகத் தலைவலி என்கிறார், நடக்கும்போது ஒரு பக்கம் சாய்கிறார். இதை இன்சூரன்ஸ் ஒப்புக்கொள்ளுமா?

புது வண்ணாரப்பேட்டை, ஓய்வு பெற்ற ஸ்டாஃப் நர்ஸ்

இன்சூரன்ஸ் அப்புறம். அம்மாவை இந்த நிமிஷமே கேஷுவாலிட்டிக்கு அழைத்துப் போங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். வயதானவர்களுக்கு, அதுவும் அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே ரத்தம் மெல்லக் கசிந்து வாரங்கள் கழித்து அழுத்த ஆரம்பிக்கும். முதல் ஸ்கேன் நார்மலாக இருந்தாலும் இது வரும். நேரத்தோடு போனால் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம்.

அங்கே போனதும் தலை இடித்த தேதியைச் சொல்லுங்கள், மாத்திரை அட்டையைக் காட்டுங்கள், பழைய சி.டி. படத்தைக் கையோடு கொண்டு போங்கள். அந்த மாத்திரையை அடுத்த வேளைக்குக் கொடுக்கலாமா என்று டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். சேர்த்ததும் இங்கே ஒரு வரி எழுதுங்கள்.

மாதவரம்

ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. கிளம்புகிறோம்.