சாட்ஜிபிடி எப்போதும் என் பக்கமே பேசுகிறது, நம்பலாமா?

ராத்திரி தூங்குமுன் அன்றைக்கு நடந்ததையெல்லாம் சாட்ஜிபிடியிடம் எழுதிவிடுகிறேன், வேலையைத் தள்ளிப்போட்டது, அம்மாவிடம் எரிந்து விழுந்தது எல்லாம். ஆறுதலாகத்தான் இருக்கிறது, ஆனால் எதற்கும் என்னைத் தப்பு சொல்வதில்லை. இதை வைத்து என்னை நான் புரிந்துகொள்ள முடியுமா?

பதில் 1:
மனிதர்கள் எந்தப் பதிலை விரும்பினார்களோ அதை வைத்தும்தான் அதற்குப் பயிற்சி கொடுக்கிறார்கள், அதனால் தலையாட்டும் பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. 2025 ஏப்ரலில் அளவுக்கு மீறி ஜால்ரா போடுகிறது என்று சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனம் ஒரு அப்டேட்டையே திரும்பப் பெற்றது.

பதில் 2:
அதே சண்டையை அம்மா சொல்வது போல எழுதி, புது சாட்டில் கேட்டுப் பாருங்கள். பதில் மாறினால், கேட்பவர் பக்கமே அது பேசுகிறது என்று தெரிந்துவிடும்.

பதில் 3:
1966இல் வைசன்பாம் என்ற கணினி விஞ்ஞானி வெளியிட்ட எலிசா என்ற உரையாடும் ப்ரோகிராம், நாம் சொன்னதையே பெரும்பாலும் கேள்வியாகத் திருப்பிப் போடும், அதனிடமே ஜனங்கள் மனதைத் திறந்தார்கள். எழுதுவதை விடாதீர்கள். அப்புறம், அம்மாவிடமும் ஒரு தடவை கேளுங்களேன்.