ஸ்விஃப்ட் டீசல்: ஏற்காடு வளைவுல மூக்கு வெளிய போகுது, முன்பக்க ஸ்டெபிலைசர் பாரை தடிமனா மாத்தலாமா?

மலைப்பாதை மணி, சேலம்

வணக்கம் மக்களே. 2013 ஸ்விஃப்ட் விடிஐ, ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிடுச்சு. டயர் 165/80 ஆர்14. ஏற்காடு ஏறும்போது வளைவுல பாடி நல்லா சாயுது, ஸ்டீயரிங்கை இன்னும் ஒடிச்சாலும் மூக்கு வெளிப்பக்கமே போகுது. குண்டும் குழியுமான ரோட்டுல மெதுவா போனா இடது பக்கம் லேசா "கட் கட்"னு சத்தம்.

இங்க ஒரு கடையில, இப்ப இருக்கிறதை விட 2 எம்எம் தடிமனான ஸ்டெபிலைசர் பார் (இடது வலது சக்கரத்தை இணைச்சு, வளைவுல பாடி சாயாம பிடிக்கிற கம்பி) முன்னாடி போட்டா எல்லாம் சரியாயிடும்னு சொல்றாங்க. உள்ள பொள்ளலான பைப் பார்தான், ஆனா விலை கம்மி இல்ல. 2 எம்எம்ல அப்படி என்ன வந்துடப் போகுது? போடலாமா?

டார்க் தம்பி

முதல்ல சத்தத்தைப் பாருங்கண்ணா, பாரை அப்புறம் பாத்துக்கலாம். இந்த வயசு வண்டிக்கு அது பெரும்பாலும் லிங்க் ராடுதான், அதாவது பார் முனையை சக்கரப் பக்கத்தோட இணைக்கிற சின்னக் கம்பி. செக் பண்ணும்போது ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கிடாதீங்க. அப்படித் தூக்கினா பார் முறுக்கிக்கும், லிங்க் இறுகி நிக்கும், ஆட்டமே தெரியாது. சமதரையில நாலு சக்கரமும் ஊனி நிக்கணும். கையை உள்ள விட்டு லிங்கைப் பிடிச்சு ஆட்டுங்க. லிங்க் முனையில இருக்கிற பால் ஜாயின்ட் ரப்பர் கிழிஞ்சு கிரீஸ் மண்ணோட கருப்பா கசிஞ்சிருந்தா ஆட்டிப் பாக்கவே வேணாம், மாத்த வேண்டியதுதான்.

அப்படியே பாரை வண்டியோட பிடிச்சு வைக்கிற ரப்பர், அதான் ஸ்டெபிலைசர் புஷ், அதையும் பாருங்க. ரப்பர் தேஞ்சு பாருக்கும் அதுக்கும் நடுவுல இடைவெளி விழுந்தா, அந்த இடைவெளி தீர்ற வரைக்கும் பார் வேலையே செய்யாது. வண்டி முதல்ல கொஞ்சம் சாஞ்சிட்டு அப்புறம்தான் பிடிக்கும். நீங்க சொல்ற சாய்வுல பாதி இதுவா இருக்கலாம்.

ரிட்டையர்டு மெக்கானிக்கல்

தம்பி, 2 எம்எம்னு லேசா நினைக்காதீங்க. பாரோட முறுக்கு விறைப்பு விட்டத்தோட நாலாவது அடுக்குல ஏறும். 22 எம்எம்மை 24 ஆக்கினா விறைப்பு சுமார் 42 சதவீதம் கூடும். பைப்னு குறைச்சும் பேச வேண்டாம். 24 எம்எம் பார்ல உள்ள 16 எம்எம் துளை இருந்தாலும் விறைப்புல ஐந்துல ஒரு பங்குதான் போகும், எடை கிட்டத்தட்ட பாதியாயிடும். முறுக்கைத் தாங்குறதுல வெளித்தோல்தான் பெரும்பங்கு, நடுவுல இருக்கிற இரும்பு பெரும்பாலும் சும்மா கூடவே வருது. விட்டத்தை மட்டும் பார்த்து விலை பேசாம, பார் முனையில லிங்க் மாட்டுற வளைஞ்ச கை எவ்வளவு நீளம்னும் கேளுங்க. கை 10 சதவீதம் குட்டையானாலே விறைப்பு 20 சதவீதத்துக்கு மேல கூடிடும்.

ஆனா உங்க நோய்க்கு இது மருந்தே இல்ல. வளைவுல உள்பக்க டயர்ல இருந்து வெளிப்பக்க டயருக்கு எடை மாறும். மொத்தமா எவ்வளவு மாறும்ங்கிறதை முடிவு பண்றது வண்டியோட வேகம், புவியீர்ப்பு மையத்தோட உயரம், சக்கர அகலம். பார் அந்த மொத்தத்தைக் குறைக்காது. அதுல முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவுன்னு பங்கு பிரிக்கிறதோட சரி. டயர்ல இரண்டு மடங்கு எடை ஏத்தினா இரண்டு மடங்கு பிடிப்பு கிடைக்காது, அதுக்குக் கம்மியாத்தான் கிடைக்கும். அதனால எந்தப் பக்கம் பாரை விறைப்பாக்குறீங்களோ, அந்தப் பக்க ஜோடி டயர்தான் முதல்ல வழுக்கும்.

உங்க வண்டி முன் சக்கர ஓட்டம். டீசல்ங்கிறதால பெட்ரோல் ஸ்விஃப்டை விட கிட்டத்தட்ட 100 கிலோ கூட, அதுல பெரும்பகுதி மூக்குல. அங்கேயே இன்னும் தடிமனான பார் போட்டா சாய்வு குறையும், உட்கார நல்லாவும் இருக்கும், மூக்கு மட்டும் இன்னும் சீக்கிரம் வெளிய போகும். கடைக்காரர் சாய்வையும் பிடிப்பையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பறார்.

மலைப்பாதை மணி

சார், அப்ப பின்னாடி போடணுமா? ஸ்விஃப்ட்ல பின்னாடி தனியா பாரே இல்லையே?

ரிட்டையர்டு மெக்கானிக்கல்

பின்னாடி இருக்கிறது டார்ஷன் பீம். பின் சக்கரங்களைப் பிடிச்சிருக்கிற இரண்டு கையையும் இணைக்கிற அந்தக் குறுக்குச் சட்டமே முறுக்கிக்கிட்டு பார் வேலையையும் சேர்த்துப் பார்க்கும். அதோட கூடுதலா போல்ட் போட்டு மாட்டுற பார் வெளியில கிடைக்குது. மூக்கு வெளிய போறதைக் குறைக்க முன் சக்கர ஓட்ட ஹேட்ச்பேக்ல பின்பக்கம் விறைப்பாக்குறதுதான் பழைய வழி. 1976ல வந்த முதல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ படங்களைப் பாருங்க, வளைவுல உள்பக்கப் பின் சக்கரம் நாய் காலைத் தூக்கின மாதிரி அந்தரத்துல நிக்கும். பின்னாடி அந்த ஒரு டயர் தூக்கினா பரவாயில்ல, இழுக்கிற இரண்டு டயரும் தரையில இருக்கணும்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்றேன். பீம்ல வெல்டிங் வைக்க விடாதீங்க. சூடு பட்ட இடத்துலதான் பிற்பாடு விரிசல் விடும்.

வால்பாறை வாசு

பின்பக்க பார்னு கேட்டதும் கிளம்பிடாதீங்க ப்ரோ. நான் ஹேட்ச்பேக்ல அதை மாட்டி ஆழியார்ல இருந்து 40 கொண்டை ஊசியும் ஏறி இறங்குறவன். காஞ்ச ரோட்டுல அமர்க்களம், ஸ்டீயரிங் திருப்பின உடனே மூக்கு உள்ள வரும். மழையில கதை வேற. இறக்கத்துல வளைவு நடுவுல பயந்து சட்டுனு ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா எடை முன்னாடி பாயும், பின்னாடி லேசாகி வால் வீசும். வழுக்கும்போது தானா பிரேக் பிடிச்சு வண்டியை நேராக்குற இஎஸ்பி வேற உங்க வண்டில கிடையாது. வீட்ல மத்தவங்களும் அந்த வண்டியை எடுப்பாங்கன்னா யோசிங்க. மூக்கு வெளிய போனா யாரா இருந்தாலும் தானா காலை எடுப்பாங்க, வண்டி கட்டுக்குள்ள வந்துடும். வால் வீசும்போது அதே பழக்கம்தான் ஆபத்து.

இன்னொண்ணு, பார் விறைப்பாக விறைப்பாக ஒரு பக்கச் சக்கரம் குழியில விழுந்தா மறுபக்கத்தையும் சேர்த்து இழுக்கும். நம்ம ஊர் ஓர ரோட்டுல தலை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடிக்கிட்டே போவீங்க.

மலைப்பாதை மணி

அப்டேட். டார்க் தம்பி சொன்ன மாதிரியே பார்த்தேன். இடது லிங்க் ராடு கையாலயே லொடலொடன்னு ஆடுது, ரப்பர் கிழிஞ்சிருக்கு. வலதும் சுமார்தான். இரண்டு லிங்கும் இரண்டு புஷ்ஷும் கம்பெனி ஸ்பேராவே மாத்தியாச்சு. சக்கரத்தைக் கீழ பிடிச்சிருக்கிற லோயர் ஆர்மோட புஷ்ஷும் வெடிச்சிருந்ததால அதையும் மாத்தி அலைன்மென்ட் பார்த்தேன். சத்தம் போயிடுச்சு. இடது வலதுன்னு அடுத்தடுத்து வர்ற வளைவுல முன்னாடி இருந்த அந்தத் தொளதொளப்பு இல்ல. கொண்டை ஊசில கொஞ்சம் வேகமா நுழைஞ்சா மட்டும் இன்னும் மூக்கு தள்ளுது.

டார்க் தம்பி

லோயர் ஆர்ம் போல்ட்டை வண்டி தரையில நிக்கும்போதுதான் கடைசியா முறுக்கினாங்களான்னு கேட்டுக்கோங்கண்ணா. தொங்கவிட்டு முறுக்கியிருந்தா அந்த ரப்பர் எப்பவும் முறுக்குலயே இருக்கும், சீக்கிரம் கிழியும்.

மீதிக்கு டயர். விடிஐல வர்ற 165/80 ஆர்14க்கு பக்கச்சுவர் உயரம் 132 எம்எம், அகலமும் கம்மி. அதே ஸ்விஃப்டோட மேல் ரகமான இசட்டிஐல கம்பெனியே கொடுத்த அளவு 185/65 ஆர்15, பக்கச்சுவர் 120 எம்எம். மொத்த விட்டம் ரெண்டுக்கும் 2 எம்எம்தான் வித்தியாசம், ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. பாருக்கு வச்சிருந்த காசுல இசட்டிஐ வீல் செட் பழசா கிடைக்குதான்னு தேடுங்க. ஸ்டெப்னியோட சேர்த்து அஞ்சா வாங்குங்க.

மலைப்பாதை மணி

இப்ப இருக்கிற டயர் மழைக்காலம் வரைக்கும் தாங்கும். அதுக்குள்ள வீல் செட் தேடுறேன். பின்பக்க பார் அதுக்கப்புறம் பாக்கலாம். வீட்டுக்காரம்மாவும் இதே வண்டியைத்தான் எடுக்கறாங்க, வாசு ப்ரோ சொன்னது யோசிக்க வைக்குது.

வால்பாறை வாசு

போட்டா கிடைக்கிறதுலயே மெல்லிசா இருக்கிற பாரா பார்த்துப் போடுங்க. ஆர்சி புக்ல இதுக்குத் தனி இடம் கிடையாது, இன்ஷூரன்ஸ்காரங்களுக்கு மட்டும் ஒரு மெயில் போட்டு வச்சிடுங்க. பாலியூரித்தேன் புஷ் கொடுத்தா சிலிக்கான் கிரீஸ் தடவி மாட்டச் சொல்லுங்க, இல்லன்னா வேகத்தடைக்கு வேகத்தடை கிரீச்சுனு கத்தும்.